தடமும் அறமும்

உடையவர் உள்ள நிலத்தில் நடப்பதற்கு நெறி உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. பிறர் வயலின் வரப்பை மிதித்து உடைப்பவனை ஊர் கடிந்துகொள்கிறது. பிறர் முற்றத்தில் வண்டியை ஏற்றுபவன் வழக்குக்கு விடை சொல்ல நேர்கிறது. ஆயின், வேலியும் இல்லை, வரப்பும் இல்லை, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஓர் ஆளும் இல்லை என்று தோன்றும் நிலத்தில் நெறி எங்கிருந்து பிறக்கும்? காண்பவரும் கேட்பவரும் இல்லாத இடத்தில் தவறு என்று ஒன்று உண்டா?

வினா பழையது. அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கும் கைஜஸ் மோதிரத்தின் கதையைத் தம் 'குடியரசு' நூலில் எடுத்துக்கொண்டு, கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ இதையே ஆராய்ந்தார். அகப்படமாட்டோம் என்ற உறுதி இருந்தால் நல்லவனும் நல்லவனாகவே இருப்பானா என்பது அக்கதை எழுப்பும் ஐயம். அத்தகைய மோதிரம் ஒன்று நம் காலத்தில் கடைகளிலேயே விலைக்குக் கிடைக்கிறது. நான்கு சக்கரங்களும் ஒருசேர உந்தும் ஊர்திதான் அது. சாலை முடியும் இடத்தில் பிற ஊர்திகள் திரும்பிவிடும். இது மேலும் செல்லும். எவரும் காணாத இடத்திற்கு நம்மைக் கொண்டு சேர்ப்பதே அதன் பெருமை. அங்கு நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களைச் சுமந்த ஜீப், 1947க்குப் பின் நம் நாட்டிலும் ஒருங்கிணைக்கப்பட்டு வெளிவரத் தொடங்கியது. நெடுங்காலம் அது படையினர்க்கும் காவலர்க்கும் வனத்துறையினர்க்கும் நில அளவையாளர்க்கும் கருவியாக இருந்தது. 1985இல் மாருதி ஜிப்சி வந்தது. 2010இல் மகேந்திரா நிறுவனம் தன் ஊர்தி ஒன்றுக்குத் 'தார்' என்று பாலைவனத்தின் பெயரையே சூட்டியது. கடமையின் பொருட்டுப் பாலைக்குள் சென்ற காலம் போய், இன்பத்தின் பொருட்டுச் செல்லும் காலம் வந்துவிட்டது. பணியின் பொருட்டு வடபுலத்தில் வாழும் நம்மவருள் பலர் குளிர்கால விடுமுறையில் ஜைசல்மேர் சென்று, சம் என்னும் ஊரின் மணற்குன்றுகளில் ஊர்திகள் ஏறி இறங்குவதைக் கண்டிருப்பர். சிலர் தாமே ஓட்டியும் இருப்பர்.

இவ்விருப்பத்தை இழிவாகக் கருத நமக்கு உடன்பாடில்லை. அன்றாட வாழ்வு நம்மைக் கோப்புக்கும் நாற்காலிக்கும் கட்டிப்போடுகிறது. அரிய வழியொன்றைக் கடந்து தன் துணிவையும் திறனையும் அளந்து பார்க்க மனிதன் விழைவது இயல்பே. எனவே பாலையில் ஊர்தி ஓட்டலாமா என்று நாம் கேட்கவில்லை. ஓட்டுபவன் யாருக்குக் கடன்பட்டவன் என்றே கேட்கிறோம்.

வெறுமை என்னும் மயக்கம்

பாலை வெறும் நிலம் என்னும் எண்ணமே முதலில் களைய வேண்டிய மயக்கம். நம் முன்னோர் இம்மயக்கத்திற்கு ஆட்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. பாலைக்கும் தெய்வம் வகுத்தனர். மக்கள், விலங்கு, பறவை, மரம் எனக் கருப்பொருள்களையும் வகுத்தனர். ஒன்றுமில்லாத இடத்திற்கு இவ்வளவு பெயர்கள் தேவைப்பட்டிரா.

தார்ப் பாலையோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. உலகப் பாலைகளுள் மக்கள் மிக நெருங்கி வாழ்வனவற்றுள் அதுவும் ஒன்று. அதன் மேற்குப் பகுதியில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவது அரிது. இச்சிறு மழையைக் கொண்டு மக்கள் அங்கே பயிர் செய்கின்றனர் என்றால், அதற்குரிய ஏற்பாடு மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஜைசல்மேர்ப் பகுதியில் 'கடீன்' என்றொரு முறை உண்டு. பாலிவால் வகுப்பினர் பதினைந்தாம் நூற்றாண்டளவில் இதை வகுத்தனர் என்பர். பாறைச் சரிவில் வழியும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் நீண்ட மண்கரை ஒன்று தடுத்து நிறுத்தும். நீர் மண்ணுள் ஊறி வற்றியபின், அவ்வீரத்தை நம்பியே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பர். அயலானின் கண்ணுக்கு அக்கரை வெறும் மண்மேடு. ஊர்தியை ஏற்றி மகிழ்வதற்கு வாய்ப்பான இடம். சக்கரம் ஏறிய இடத்தில் கரை தாழ்ந்தால், அடுத்த மழையில் நீர் அவ்வழியே உடைத்துக்கொண்டு ஓடும். ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு அதனோடு போகும். கரையை உடைத்தவன் அதற்குள் தில்லிக்கோ அகமதாபாத்துக்கோ திரும்பிப் பல திங்கள் ஆகியிருக்கும்.

குளத்திற்கு நீர் திரட்டித் தரும் திறந்தவெளியை அங்கு 'ஆகோர்' என்பர். பார்வைக்கு அதுவும் வெற்றுத் தரையே. ஆயினும் அதை மாசுபடாமல் காப்பது ஊர்க் கட்டுப்பாடு. நம் ஊர்க் கோயிற்காடுகளை ஒத்த 'ஓரண்' என்னும் நிலங்கள் தெய்வத்தின் பெயரால் காக்கப்படுபவை. ஆடு மாடு ஒட்டகங்களுக்கு அவை மேய்ச்சல் தருகின்றன. அங்கு மரம் வெட்டுதல் ஆகாது. தமிழகக் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக விளங்கும் வன்னியே அந்நாட்டின் கேஜ்ரி மரம். 1730இல் ஜோத்பூரை அடுத்த கேஜட்லி என்னும் ஊரில் இம்மரங்களை வெட்ட அரசன் ஆட்கள் வந்தபோது, அமிர்தாதேவி என்னும் பெண்மணியைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர் கொடுத்தனர். இத்தகைய நாட்டை 'ஒன்றுமில்லாத இடம்' என்பது பார்ப்பவனின் குறையேயன்றி நிலத்தின் குறையன்று.

மனிதரை விடுத்துப் பிற உயிர்களைக் காண்போம். முள்வால் ஓணான் குளிர்காலத்தில் தன் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே உறங்குகிறது. நாம் பெருந்திரளாகச் செல்லும் பருவமும் அதுவே. கானமயில் என்னும் பெரும் பறவை திறந்த தரையிலேயே முட்டையிடும். பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. மண்ணின் நிறத்தோடு ஒன்றிவிடுவதே அம்முட்டைக்கு அரண். அருகில் வந்து தேடுபவனே அதைக் காண்பது அரிது என்றால், விரையும் ஊர்தியின் இருக்கையிலிருந்து காண்பது எங்ஙனம்? ஒருகாலத்தில் தென்னகத்தின் வறண்ட புல்வெளிகளிலும் திரிந்த இப்பறவைகளுள் இன்று எஞ்சியவை இருநூறுக்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி ஜைசல்மேர் மாவட்டத்தில் வாழ்கிறது. இவற்றுக்குப் புகலாக, ஜைசல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுரக் கிலோமீட்டரில் பாலைத் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அதன் எல்லைக்குள்ளும் ஊர்கள் பல உள்ளன.

மணல் கற்பிப்பது

ஊர்தி ஓட்டும் கலைக்கும் அறத்திற்கும் என்ன உறவு? முதற்பார்வைக்கு இரண்டும் ஒன்றே எனத் தோன்றும்.

எகிப்தில் பணியாற்றிய ஆங்கிலேயப் படையதிகாரி ரால்ப் பாக்னால்டு, 1920களிலும் 1930களிலும் சிறிய ஃபோர்டு வண்டிகளில் லிபியப் பாலையைக் கடந்தார். டயரின் காற்றைக் குறைத்தால் மணலில் புதையாது என்பதையும், புதைந்த சக்கரத்தின் கீழ் எஃகுத் தகடுகளை இட்டால் மீளலாம் என்பதையும் நடைமுறையில் நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். மணலைக் கண்டு வியந்ததோடு நில்லாமல் அதை ஆராய்ந்து, காற்றில் மணல் நகரும் விதிகளைப் பற்றி 1941இல் நூலொன்று வெளியிட்டார். செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்ந்தோர்க்கும் அந்நூல் பயன்பட்டது. தாம் கடக்கும் நிலத்தைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. பாலைக்குள் செல்பவனுக்கு முதல் தகுதி அதுவே எனலாம்.

அவர் வழியில் வளர்ந்த முறைகளை இன்று தேர்ந்த ஓட்டுநர் அனைவரும் அறிவர். சாலையில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அளவில் இருக்கும் டயர் அழுத்தத்தை, மணலில் 15 முதல் 20 வரை இறக்குவர். டயர் தரையில் நீண்டு படிகிறது, எடை பரவுகிறது, சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன்மீது மிதந்து செல்கிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்வதும் இதையே. தார்ச்சாலைக்கு மீண்டவுடன் காற்றை நிரப்பிவிட வேண்டும்; இல்லையேல் விரைவில் டயர் சூடேறி வெடிக்கும். மணலில் வண்டியை நிறுத்தப் பிரேக்கை அழுத்துவதில்லை. தானே தளர்ந்து நிற்க விடுவர். சக்கரம் சுழன்று புதையத் தொடங்கினால் மேலும் முடுக்குவது மூடத்தனம்; கீழிறங்கி மண்வெட்டியால் மணலை அகற்றி, வந்த தடத்திலேயே பின்வாங்குவர். காற்று வீசும் பக்கத்தில் குன்றின் சரிவு மெல்லியது. மறுபக்கமோ ஏறத்தாழ 34 பாகையில் செங்குத்தாக இறங்கும். எனவே உச்சிக்கு நடந்து சென்று அப்பால் இருப்பதைப் பார்த்த பின்னரே வண்டியை ஏற்றுவர். குறுக்காகச் சரிவில் ஓட்டினால் கவிழும். நேராக ஏறி நேராக இறங்குவர்.

இம்முறைகளில் முரட்டுத்தனத்திற்கு இடமே இல்லை என்பது நோக்கத்தக்கது. பொறுமை, முன்னறிதல், தன்னடக்கம், பின்வாங்கும் துணிவு ஆகியவையே மணலில் வெல்பவை. வலிமையைக் காட்டுபவன் புதைகிறான். தோண்டாத சக்கரம் வண்டிக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. அங்ஙனமாயின், நன்றாக ஓட்டக் கற்றவன் நல்லவனாகவும் ஓட்டுவான் என்று அமைந்துவிடலாமா?

திறமை போதுமா?

போதாது என்பதே நம் துணிபு. அதற்குக் காரணங்கள் இரண்டு.

ஒன்று: ஓட்டுநனின் அச்சமும் நிலத்தின் அச்சமும் ஒரே இடத்தில் இல்லை. அவனுக்கு இடர் தருவது புல்பூண்டற்ற உயர்ந்த மணற்குன்று. ஆனால் அங்கே அவன் இட்ட தடத்தை அடுத்த காற்று அழித்துவிடுகிறது. அவனுக்கு எளிதாகத் தோன்றுவது குன்றுகளின் இடையே கிடக்கும் சமதரையும் சரளை நிலமும். அங்கேதான் சேவண் புல் வேரூன்றி மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. கால்நடைக்கு உணவும் அதுவே. பல பாலைகளின் மேற்பரப்பை நுண்ணிய நீலப்பச்சைப் பாசிகள் மெல்லிய ஏடுபோல் பிணைத்துள்ளன. அவ்வேடு உடைந்தால் மீண்டும் உருவாகப் பல்லாண்டுகள் ஆகும். அமெரிக்காவின் மொஹாவி பாலையில் 1942 முதல் 1944 வரை போர்ப் பயிற்சி பெற்ற டாங்கிகளின் தடங்கள் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் காணக் கிடைக்கின்றன. எங்கே ஓட்டுதல் எளிதோ அங்கே தீங்கு பெரிது. இதைத் திறமை மட்டும் கற்பிப்பதில்லை. சென்று கேட்டு அறிதல் வேண்டும்.

மற்றொன்று: திறமை தொலைவை வளர்க்கிறது. திறனற்றவன் சாலையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் புதைந்துவிடுகிறான்; அவன் செய்யும் தீங்கும் அந்த அரைக் கிலோமீட்டரோடு முடிகிறது. தேர்ந்தவனோ எவரும் புகாத இடம் வரை செல்கிறான். பறவை அஞ்சி ஒதுங்கிய கடைசி இடத்தையும் அவன் சென்றடைகிறான். ஆதலின் திறமை கடமையைக் குறைப்பதில்லை, பெருக்குகிறது.

கலையும் அறமும் பெரும்பாலும் இணைந்தே செல்லுகின்றன என்பது உண்மைதான். அவை பிரியும் சில இடங்களிலேயே மனிதன் சோதிக்கப்படுகிறான். கடீன் கரையின்மீது நேராகச் செல்ல வண்டிக்கு ஆற்றல் உண்டு. சுற்றிச் சென்றால் ஒரு மணி நேரம் கூடும். தடத்தில் பள்ளம் இருக்கிறது. பக்கத்தில் புல்தரை சமமாக இருக்கிறது. அங்கே புல்லை விடுத்துப் பள்ளத்தில் இறங்குபவன் தன் கலையை அறத்திற்கு உரியதாக்குகிறான். அறைகூவலை நாடித்தானே அவன் வந்தான்? உண்மையான அறைகூவல் அதுதான்.

ஒருவனால் என்ன ஆகும்?

"நம் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்போர் உண்டு. கணக்கின்படி அவர் கூற்று பொய்யன்று. ஒரு வண்டி ஒருமுறை சென்றதனால் ஒரு பாலை அழிந்துவிடாது. ஆனால் அவர் ஒன்றை மறந்துவிடுகிறார். தடம் வெறும் காயமன்று. அது ஓர் அழைப்பு. முதல் வண்டியின் தடத்தைக் கண்டு இரண்டாம் வண்டி வருகிறது. தடம் ஆழமாகிவிட்டதென்று மூன்றாவது வண்டி பக்கத்தில் ஒதுங்கிச் செல்கிறது. ஒற்றைக்கோடு பத்துக் கோடாகிறது. இந்நாளில் கைபேசியில் எடுத்த படமும் செயற்கைக்கோள் குறித்துத் தந்த வழியும் அன்று மாலையே ஆயிரம் பேரைச் சென்றடைகின்றன. எனவே முதல்வன் தன் ஒரு தடத்திற்கு மட்டும் பொறுப்பாளன் அல்லன். தான் திறந்த வழிக்கும் பொறுப்பாளன். 'எல்லோரும் இவ்வாறே செய்தால்?' என்ற வினா பாலையில் வெறும் கற்பனை வினா அன்று. எல்லோரும் அவ்வாறே செய்யத்தான் போகிறார்கள்.

பொதுநிலம் எப்போதும் அழிந்தே தீரும் என்று சொல்வோர்க்கு விடையாக, பொருளியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் ஒரு நூல் எழுதினார். 2009இல் நோபல் பரிசும் பெற்றார். பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்து, தாமே கண்காணித்துப் பொதுவளத்தைக் காத்துவந்ததற்குப் பல நாடுகளிலிருந்து அவர் சான்று காட்டினார். ஓரண் நிலங்களைக் காக்கும் ஊரார் இவ்வுண்மையைப் பல தலைமுறைகளாக வாழ்ந்து காட்டியவர்கள். விருந்தினராகச் செல்லும் நாம் அவர்கள் விதிக்கு உட்பட மறுத்தால், தனி உடைமை இல்லாத நிலத்தை உடையவரே இல்லாத நிலமாக ஆக்கிவிடுகிறோம்.

மறுப்புகள் இரண்டு

கானமயிலுக்குப் பெரும்பகை ஊர்தி அன்று, உயர் அழுத்த மின்கம்பிகளே என்று ஒருவர் கூறலாம். உண்மையே. உச்ச நீதிமன்றமே 2021இலும் 2024இலும் இச்சிக்கலை எடுத்துக்கொண்டு ஆணைகள் பிறப்பித்துள்ளது. ஆயினும் பிறன் பெருந்தவறு நம் சிறுதவறுக்கு விலக்களிக்காது. எஞ்சியவை சில என்னும்போது ஒரு முட்டையின் மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது. மின்கம்பி வேண்டும் என்பார்க்கு நாட்டின் ஒளித்தேவை என்று சொல்லவாவது ஒரு காரணம் உண்டு. நம் இன்பத்திற்கு அத்தகைய காரணமும் இல்லை.

அவ்வூர் மக்களே டிராக்டரும் ஜீப்பும் ஓட்டுகின்றனரே, சுற்றுலாவால் பிழைக்கின்றனரே என்று மற்றொருவர் கூறலாம். இதுவும் உண்மையே. நாம் செல்லாதொழிந்தால் வழிகாட்டியின் வீட்டிலும் ஒட்டகக்காரரின் வீட்டிலும் அடுப்பு தளரும். ஆதலின் செல்லாமை அறம் என்று நாம் கூறவில்லை. அவர்தம் டிராக்டர் எங்கே செல்கிறது, எங்கே ஒதுங்குகிறது என்பதைப் பார்த்தால் நமக்குரிய விதி அதிலேயே அடங்கியிருப்பது புலனாகும். பாலை அவர்க்கு வீடு. வீட்டில் எங்கே மிதிக்கக்கூடாது என்பதை வீட்டார் அறிவர்.

செல்பவன் கடன்

இவ்வாராய்ச்சியின் பயனாகச் சிலவற்றைத் தொகுத்துச் சொல்லலாம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன்கொள்ளுதல், அவர் சொல்லும் தடத்தை விட்டு விலகாமை, பூங்கா எல்லைக்குள்ளும் நாட்டின் எல்லைப்புறத்திலும் உரிய ஒப்புதலின்றிப் புகாமை ஆகியவை முதற்கடன். இரண்டாவது, தன் சுமையைப் பிறர்மீது ஏற்றாமை. தனி வண்டியில் செல்பவன் புதைந்தால், உழவர் ஒருவர் தம் வேலையை விட்டு டிராக்டரோடு வர வேண்டியிருக்கும். குறைந்தது இரண்டு வண்டிகள், மண்வெட்டி, இழுகயிறு, தகடுகள், தேவைக்கு மிஞ்சிய குடிநீர் ஆகியவற்றோடு செல்பவனே பாலைக்குள் செல்லும் தகுதி உடையவன். நீர் அரிய ஊரில் நீர் கேட்டு நிற்பது எளிய செயலன்று. மூன்றாவது, கொண்டு சென்ற அனைத்தையும் திரும்பக் கொணர்தல். ஜைசல்மேரை அடுத்த ஆகல் என்னுமிடத்தில் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அத்தகைய இடத்திலிருந்து ஒரு துண்டும் எடுத்து வராமை இதன் மறுபக்கம். நான்காவது, தன் ஆற்றலுக்குள் இருந்தும் செல்லத் தகாத வழியினின்று திரும்பிவிடுதல். இந்நான்கனுள் கடினமானது இறுதியதே. ஏனெனில் அதைச் செய்தவனை எவரும் பாராட்டப் போவதில்லை; அவன் செல்லாத இடத்தில் படம் எடுக்க இயலாது.

அங்கே நாம் மீண்டும் பிளேட்டோவின் மோதிரத்தின் முன் நிற்கிறோம். காண்பவர் இல்லாத இடத்தில் நல்லவனாக இருப்பதற்கு என்ன காரணம் உண்டு? இகழ்வார் இல்லை, புகழ்வார் இல்லை. அஞ்சத்தக்க காவலரும் பெரும்பாலும் இல்லை. எஞ்சுவது ஓர் அறிவு மட்டுமே. அடைத்த வளைக்குள் ஓர் உயிர் உறங்குகிறது. தாழ்ந்த கரையின் பின்னால் ஒருவர் விதைக்கக் காத்திருக்கிறார். நாம் அவர்களைக் காணவில்லை, அவர்களும் நம்மைக் காணவில்லை. ஆயினும் நம் சக்கரம் அவர்களோடு நம்மை உறவாக்கிவிட்டது. இவ்வுறவை உணர்ந்தவன் பாலையின் அருமையைக் கெடுக்காமல் அதன் இன்பத்தையும் துய்ப்பான். அதை உணராதவனுக்கு நான்கு சக்கரங்களின் ஆற்றலைக் கையளிப்பது நாட்டுக்கும் நலமன்று, அவனுக்கும் நலமன்று.